கேட்வே லாஞ்சா, பாவுச்சா தக்கா ரோரோவா? மும்பை – மாண்ட்வா கடல்வழி பற்றி ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்டது இது: மாட்டுங்காவில் ஒரு குடும்பம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா, மூன்று வயதுக் குழந்தை, ஒரு கார். டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறு அலிபாக் போய்வர வேண்டும் (மும்பைப் படகுகள் அதற்காக அணையும் துறைதான் மாண்ட்வா). கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து லாஞ்சில், அதாவது ஆள் மட்டும் ஏறும் மோட்டார் படகில் போகலாமா, பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து ரோரோவில், அதாவது காரை ஓட்டியே ஏற்றி இறக்கும் கப்பலில் போகலாமா, பேசாமல் ரோட்டிலேயே போய்விடலாமா? இந்தப் படகுக் கம்பெனிகள் எத்தனை காலமாக ஓட்டுகின்றன, நம்பி ஏறலாமா?

முதலில் நேரடிப் பதில். பெரியவர்களும் குழந்தையும் காரும் இருப்பதால் உங்களுக்கு ரோரோதான் சரி. நான்கு இளைஞர்கள் முதுகுப் பையோடு போவதாக இருந்தால் கேட்வே லாஞ்ச் என்று சொல்லியிருப்பேன். ரோடு என்பது சனிக்கிழமை காலை 5 மணிக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தவர்களுக்கு. அடல் சேது 2024 ஜனவரியில் திறந்த பிறகு செவ்ரியிலிருந்து சிர்லே வரை 21.8 கி.மீ. சுலபமாகிவிட்டது உண்மை. ஆனால் பேண் தாண்டி வட்கல் சந்திப்பில் கோவா நெடுஞ்சாலை வண்டிகளும் அலிபாக் வண்டிகளும் சேருமிடத்தில் வாரக்கடைசி நெரிசல் அப்படியே இருக்கிறது. பாலத்தில் மிச்சம் பிடித்த நேரம் அங்கே போய்விடும்.

இனி காரணங்கள். கடலில் போகும் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயமே இல்லை. குறுகிய தூரப் படகுப் போக்குவரத்தில் எல்லாச் சிக்கலும் இரண்டு கரைகளில்தான் இருக்கிறது. ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) எவ்வளவு ஏறியிருக்கிறது, ஜெட்டியின் (படகு அணையும் மேடையின்) அடியில் எவ்வளவு சேறு, படகுக்கும் படிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பவைதான் பயணத்தின் சுகத்தையும் ஆபத்தையும் தீர்மானிக்கின்றன. ஒரு கம்பெனி பிழைப்பதும் மூழ்குவதும்கூட அங்கேதான். இந்தக் கரையோரத்தின் பழைய கதையும் அதைத்தான் காட்டுகிறது.

கொங்கண் கரைக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே மும்பையிலிருந்து நீராவிக் கப்பல் ஓடியது. ஷெப்பர்ட் கம்பெனி, பாம்பே ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆகிய பெயர்கள் ரத்னகிரிப் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவை. ரோடும் ரயிலும் இல்லாத காலத்தில் மும்பை மில்லில் வேலை செய்தவர் கணபதி பண்டிகைக்கு ஊர் போக அதுதான் வழி. ஷெப்பர்ட் கம்பெனியின் ‘வைதர்ணா’ கப்பலில் மின்விளக்கு எரிந்ததால் மக்கள் அதை ‘விஜ்லி’ என்றே அழைத்தார்கள். 1888 நவம்பர் 8-ஆம் தேதி குஜராத்தின் கட்ச் மாண்ட்வியிலிருந்து மும்பைக்குக் கிளம்பிய அது, கத்தியவார் கரையோரம் புயலில் சிக்கி 700-க்கு மேற்பட்டவர்களுடன் காணாமல் போனது. விசாரணையில் வெளிவந்த குறை உயிர்காப்புப் படகுகளும் மிதவைச் சட்டைகளும் போதவில்லை என்பது. கட்ச் மாண்ட்வி வேறு, நீங்கள் போகப்போகும் அலிபாக் மாண்ட்வா வேறு. வரைபடத்தில் தேடும்போது பலர் குழம்புகிறார்கள்.

வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியர்களே பங்கு போட்டு ஆரம்பித்த கப்பல் கம்பெனியை கொங்கண் மக்கள் ‘மாஜி ஆக்போட் கம்பெனி’, அதாவது ‘என் கப்பல் கம்பெனி’ என்று சொந்தம் கொண்டாடினார்கள். நமக்கு இது புதிதல்ல. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியும் தூத்துக்குடி – கொழும்பு என்ற குறுகிய கடல்வழிக் கம்பெனிதான். ஆரம்பத்தில் மும்பையின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். எதிர்க் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷனின் நெருக்கடியால் அந்த வாடகைக் கப்பல் கைநழுவியது. பிறகு வ.உ.சி. மும்பைக்கே வந்து ‘காலியா’ கப்பலுக்கு ஏற்பாடு செய்துகொண்டு திரும்பினார். கட்டணத்தைக் கீழே கீழே இறக்கி எதிரியை முடக்குவது அந்தக் காலத்திலேயே இந்தத் தொழிலின் முக்கிய ஆயுதம். சொந்தக் கப்பல் இல்லாத படகுக் கம்பெனிக்கு எதிராளி வைத்ததுதான் சட்டம் என்பதை அந்த அனுபவம் காட்டியது.

மாஜி ஆக்போட் கம்பெனியின் கப்பல்களில் ஒன்று ‘ராமதாஸ்’. 1947 ஜூலை 17, ஆடி அமாவாசை. பண்டிகைக்காக ஊருக்குப் போனவர்கள் நிறைந்து, காலை 8 மணிவாக்கில் பாவுச்சா தக்காவிலிருந்து அலிபாக் பக்கத்து ரேவஸுக்குக் கிளம்பியது. துறைமுக முகத்துவாரத்தைத் தாண்டியதும் மழையும் பெரிய அலையும். நனையாமலிருக்க ஜனங்கள் ஒரே பக்கமாக ஒதுங்க, கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. 600-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிளம்பி அரை மணிக்கெல்லாம் நடந்த விபத்து. செய்தி சொல்ல கப்பலில் வயர்லெஸ் இல்லாததால், பல மணி நேரம் கரையில் யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கணக்கை இன்றும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்குச் சராசரி 60 கிலோ என்றால் 200 பேர் 12 டன். அந்த 12 டன், மேல்தளத்தில், இரண்டு நிமிடத்தில் ஒரு விளிம்புக்கு நகர்ந்தால் சின்னப் படகு தாங்காது. டிசம்பர், ஜனவரியில் மாண்ட்வா லாஞ்சுகளைச் சுற்றிக் கடற்காகங்கள் பறந்து வரும். சிப்ஸ், காட்டியா என்று எதையாவது வீசினால் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து கொத்திக்கொண்டு போகும். உடனே மேல்தளத்தில் இருப்பவர்கள் போனை எடுத்துக்கொண்டு ஒரே கம்பிப் பக்கம் குவிவார்கள். படகு லேசாகச் சாய்வது காலடியில் தெரியும். கலாசி (படகுத் தொழிலாளி) வந்து சத்தம் போடுவது எரிச்சலால் அல்ல. அவர் சொன்னதும் நகர்ந்துவிடுங்கள்.

பாம்பே ஸ்டீம் காலத்துக்குப் பிறகு சௌகுலே கம்பெனியும், அதன்பின் அரசின் மொகல் லைனும் கொங்கண் கப்பலை ஓட்டின. ‘கொங்கண் சக்தி’, ‘கொங்கண் சேவக்’ கப்பல்கள் பலருக்கு நினைவிருக்கும். நெடுஞ்சாலையில் பஸ்கள் பெருகியதும் அவை ஓய்ந்தன. 1998-ல் கொங்கண் ரயில் முழுதாக ஓடத் தொடங்கியபோது நீண்ட தூரக் கடல்வழி மக்கள் மனதிலிருந்தே போய்விட்டது. ரோடு சுற்றிக்கொண்டு போகும் இடங்களில் மட்டும் படகு பிழைத்தது. மாண்ட்வா அப்படிப்பட்ட இடம். கடலில் சுமார் 10 கடல் மைல், ரோட்டில் ஏறக்குறைய 100 கி.மீ.

இப்போது ஓடுபவை இரண்டு வகை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து பி.என்.பி., மால்தார், அஜந்தா ஆகிய கம்பெனிகளின் லாஞ்சுகளும் கேட்டமரான்களும் போகின்றன. ஆள் மட்டும், வண்டி கிடையாது. 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். மாண்ட்வாவில் இறங்கியதும் அலிபாக் போக அதே டிக்கெட்டில் அவர்கள் பஸ் காத்திருக்கும். டிக்கெட் துண்டைக் கடலில் விட்டுவிட்டால் பஸ்ஸில் ஏற முடியாது, பத்திரம். எந்தக் கம்பெனி படகில் வந்தீர்களோ அந்தக் கம்பெனி பஸ்தான் உங்களுக்கு. மழைக்காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய, இந்த லாஞ்சுகள் நிற்கும். செப்டம்பரில் கடல் அடங்கியதும் மீண்டும் தொடங்கும்.

இரண்டாவது, பாவுச்சா தக்காவிலிருந்து எம்2எம் ஃபெரிஸ் ஓட்டும் ரோரோ. கிரேக்க நாட்டில் 2019-ல் கட்டிய ‘புரோட்டோபோரோஸ்’ கப்பல் 2020 பிப்ரவரியில் மும்பை வந்தது. மார்ச் 15-ல் சேவை தொடங்கியது. அதற்கு முந்தின நாள், மார்ச் 14-ல், மாண்ட்வாவுக்கு அருகே ஒரு பயணிகள் படகு மூழ்கத் தொடங்கி 88 பேரைக் காவல்துறைப் படகு காப்பாற்றியிருந்தது. பெரிய கப்பல் வந்த நேரம் அப்படி. சில நாட்களிலேயே ஊரடங்கு வந்து, ஆகஸ்டில்தான் திரும்ப ஓடியது. 500 பேர், 145 கார் கொள்ளும். 14 நாட், அதாவது மணிக்கு 14 கடல் மைல் வேகம் என்றால் 10 கடல் மைலுக்கு 43 நிமிடம். ஜெட்டியை விட்டு விலகவும் அங்கே அணையவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு மணி. அட்டவணையில் ஒரு மணி என்று போட்டிருப்பது நேர்மையான கணக்கு.

இந்தக் கப்பல் வந்ததைவிட முக்கியம் அது வந்து நிற்க இடம் கிடைத்தது. மாண்ட்வாவில் மகாராஷ்டிரா கடல்சார் வாரியம் அலைத்தடுப்புச் சுவரும் முனையமும் கட்டியது. பாவுச்சா தக்கா முனையத்தை மும்பைத் துறைமுகம் கட்டியது. மேற்குப் பக்கம் திறந்த கடலைப் பார்த்திருக்கும் மாண்ட்வாவில் அந்தச் சுவர் இல்லாவிட்டால், ஜூலை அலையில் எவ்வளவு பெரிய கப்பலும் சரிவுப் பலகையை இறக்கி வைத்துக்கொண்டு நிற்க முடியாது. லாஞ்ச் நிற்கும் மாதங்களிலும் ரோரோ ஓடுவதற்குக் காரணம் கப்பலின் அளவும் அந்தக் கல் சுவரும்தான். ஆனாலும் வானிலை எச்சரிக்கை வந்தால் அன்றைய ஓட்டத்தை ரத்து செய்வார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ரோரோ டிக்கெட் எடுப்பவர்கள், திரும்பி வர ரோடு வழியையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓதத்துக்கு வருவோம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நம்ப முடியாத அளவு. அங்கே முழு ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே ஒரு மாடி உயரத்துக்கு மேல் தண்ணீர் ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. இதைத் தெரிந்துகொள்ள செயலி எதுவும் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமி என்றால் மும்பையில் நண்பகல் 12-ஐ ஒட்டியும் நள்ளிரவிலும் முழு ஏற்றம். காலை, மாலை 6, 7 மணிவாக்கில் முழு வற்றம். அங்கிருந்து நாளுக்கு 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். அஷ்டமி வரும்போது தலைகீழாகி, நண்பகலில் வற்றம் இருக்கும், ஆனால் அந்த நாட்களில் வித்தியாசமும் குறைவு. நிமிடக் கணக்குக்குத் துறைமுகத்தின் ஓத அட்டவணை இருக்கிறது. படகில் ஏறுபவருக்கு இந்தக் கணக்கே போதும்.

இதனால் என்ன? கேட்வேயில் வற்றத்தின்போது கல்படிகளின் கீழ்ப்பகுதி வெளியே வரும். பாசி பிடித்து வழுக்கும். படியில் இடம் போதாமல் இரண்டு, மூன்று லாஞ்சுகளை ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கட்டுவார்கள். உங்கள் படகு மூன்றாவதாக நின்றால், முதல் இரண்டு படகின் விளிம்பையும் தாண்டித்தான் ஏற வேண்டும். அலை வரும்போது இரண்டு படகுக்கும் நடுவே அரை அடி, ஒரு அடி இடைவெளி விட்டு விட்டு மூடும். தாண்டும்போது படகின் விளிம்பைக் கையால் பிடிக்கக் கூடாது, விரல் நசுங்கும். கலாசி நீட்டும் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விளிம்பும் சமமாக வரும் நொடியில் காலை வைக்க வேண்டும். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு இது கஷ்டம். உங்களுக்கு ரோரோ என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

ரோரோவில் வற்றம் வேறு விதமாகக் காட்டும். சரிவுப் பலகை செங்குத்தாகிவிடும். பம்பர் தாழ்ந்த செடான் கார்கள் பலகையும் தளமும் சேரும் மடிப்பில் அடிபடுவது அப்போதுதான். நான்கு பேரும் சாமானும் ஏறிய கார் இன்னும் தாழ்ந்திருக்கும். ஆகவே ஓட்டுபவர் மட்டும் காரில் இருந்து, மற்றவர்கள் நடந்து ஏறுவது நல்லது. முதல் கியரில் நிறுத்தாமல் மெதுவாக ஏற வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஈரப் பலகையில் சக்கரம் சுழலும். ரிவர்ஸில் ஏற்றச் சொன்னால் கை காட்டும் ஆளை மட்டும் பார்த்து ஓட்டுங்கள், கேமராவை நம்ப வேண்டாம்.

தளத்தில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக், அதோடு முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’. கண்ணாடிகளை மடக்குங்கள், வண்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் இடமே விடுவார்கள். திருட்டு அலாரத்தில் அசைவு உணரும் வகை இருந்தால் அணைத்துவிடுங்கள், அலையில் ஒரு கார் அலற ஆரம்பித்தால் பத்துக் கார் சேர்ந்துகொள்ளும். கேஸ் சிலிண்டர், கேனில் பெட்ரோல் கொண்டுபோகாதீர்கள். சி.என்.ஜி. வண்டி என்றால் கேட்டிலேயே சொல்லிவிடுங்கள். பைக்கைச் சைடு ஸ்டாண்டில் விட்டுப் போனால் பாதி வழியில் சாய்ந்து பக்கத்துக் காரைக் கீறும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கயிறு கட்டுகிறார்களா என்று பார்த்த பிறகு மேலே போங்கள். தேவையான பால், மருந்து, தண்ணீர் எல்லாவற்றையும் முதலிலேயே கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஓடும்போது கார் தளத்துக்கு இறங்க விடமாட்டார்கள். அலிபாக் போய்ச் சேர்ந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், முக்கியமாக அடிப்பக்கம்.

டிக்கெட் ஆளுக்குத் தனி, வண்டிக்குத் தனி. வண்டிக் கட்டணம் அளவைப் பொறுத்தது, ஆள் கட்டணம் எந்தத் தளத்தில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சனி காலை போவதும் ஞாயிறு மாலை திரும்புவதும் முதலில் நிரம்பும். எதிர்த்திசையில் அதே கப்பல் பாதி காலியாக ஓடும். வாரக்கடைசியின் ஒருபக்கக் கூட்டத்தை வைத்து வாரம் முழுக்க டீசலும் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் பாரம். கார் ஏற்றும் கப்பல் அதைச் சமாளிக்கிறது, ஆள் மட்டும் ஏற்றும் வாட்டர் டாக்சிகள் தடுமாறுகின்றன. 2022-ல் பேலாப்பூரிலிருந்து ஆரவாரமாகத் தொடங்கிய வாட்டர் டாக்சியின் அனுபவம் இதுதான். கட்டணம் ஒரு பக்கம், இறங்கியபின் அலுவலகம் போக இன்னொரு வண்டி தேட வேண்டியிருந்தது மறுபக்கம்.

பாவுச்சா தக்காவுக்குக் காரில் வருபவர்கள் கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் பக்கமிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவே ஏறி ஆரஞ்ச் கேட்டில் இறங்கினால் பக்கம். மீன் ஏலம் நடக்கும் காலை நேரத்தில் தக்கா வாசலில் டெம்போக்கள் வழியை அடைத்துக்கொள்ளும். கப்பல் நேரத்துக்கு 45 நிமிடம் முன் அங்கே இருங்கள். கார் இல்லாமல் வருபவர்களுக்கு ஹார்பர் லைனில் டாக்யார்ட் ரோடு ஸ்டேஷன், அங்கிருந்து டாக்சி. அதே தக்காவிலிருந்து மோரா, ரேவஸ் லாஞ்சுகளும் போகின்றன. கட்டணம் குறைவு, ஆனால் அந்த இரண்டு ஜெட்டிகளிலும் சேறு ஏறியிருப்பதால் முழு வற்ற நேரத்தில் படகு கரை அணைய முடியாமல் நிற்கும். காலண்டர் பார்க்காமல் அந்த வழியில் போகாதீர்கள்.

நடுக்கடலில் படகு நின்றுவிட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: படகைத் தள்ளும் காற்றாடியில் (ப்ரொப்பெல்லரில்) மீன் வலையோ கயிறோ சுற்றியிருக்கும், அல்லது எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் துளையை பிளாஸ்டிக் பை அடைத்து எஞ்சின் சூடேறியிருக்கும். சரங்கு (படகை ஓட்டும் தலைவர்) வேகத்தைக் குறைத்துச் சில நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார். சரிவரவில்லை என்றால் வேறு படகு வரும். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். 2024 டிசம்பர் 18-ல் எலிஃபெண்டா போய்க்கொண்டிருந்த ‘நீல் கமல்’ படகின்மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு கட்டுப்பாடிழந்து மோதியதில் 15 பேர் இறந்தார்கள். 84 பயணிகளுக்கு அனுமதி உள்ள அந்தப் படகில் 100-க்கு மேல் இருந்தார்கள். ஆகவே லாஞ்சில் ஏறினால் படகில் எழுதியிருக்கும் பயணிகள் எண்ணிக்கையைப் பாருங்கள். கூட்டம் அதைத் தாண்டுவது கண்ணுக்கே தெரிந்தால் அடுத்த படகில் போங்கள்.

மிதவைச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பதில் பயனில்லை. முன் கொக்கிகளை மாட்டி, பட்டையை இழுத்து இறுக்க வேண்டும். தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை வரக் கூடாது. குழந்தைக்கு குழந்தை அளவு கேட்டு வாங்குங்கள், பெரியவர் சட்டையிலிருந்து தண்ணீரில் குழந்தை நழுவி வெளியே வந்துவிடும். மூடிய கீழ் அறையில் உட்காருபவர்கள் வாசலுக்குப் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள். தண்ணீர் புகுந்தால் இந்தச் சட்டை உங்களைக் கூரையோடு ஒட்டவைக்கும், மூழ்கி வாசலைத் தாண்ட விடாது.

வாந்தி வருபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், தூரத்துக் கரையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று கிளம்பிக் குட்டையான அலை எழுப்பும், காலைக் கப்பலில் ஆட்டம் குறைவு. வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலாவும் ஆகாது. இரண்டு இட்லியோடு ஏறுங்கள். வாந்தியைத் தடுக்க அவோமின் மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு, ஏறுவதற்கு ஒரு மணி முன். அது தூக்கமும் வரவைக்கும். மாண்ட்வாவில் இறங்கி அலிபாக் வரை கிட்டத்தட்ட 20 கி.மீ., குறுகலான ரோட்டில் யார் கார் ஓட்டப்போகிறாரோ அவர் அதைத் தொடக் கூடாது.

அலிபாக்குக்கு அப்பால் முருட், ஸ்ரீவர்தன் பக்கம் போக ஆசையிருந்தால், அகர்தண்டாவிலிருந்து திகிக்கு காரோடு கடக்கச் சின்ன ஃபெரி இருக்கிறது. 2003-ல் தாபோல் – தோபாவே கழிமுகத்தில் ஆரம்பித்த சுவர்ணதுர்க் ஷிப்பிங் கம்பெனிதான் அதை ஓட்டுகிறது. வேஸ்வி – பாக்மண்டலா, ஜெய்கட் – தவ்சால் என்று கழிமுகம் கழிமுகமாக விரிந்து, 2024 பிப்ரவரியில் வசை – பயந்தர் வரை வந்துவிட்டார்கள். கப்பல் பெரிதல்ல, வேகமும் இல்லை. ரோடு எங்கே நீளமாகச் சுற்றுகிறது, தண்ணீர் எங்கே குறுகலாக இருக்கிறது என்று பார்த்து மட்டுமே இடம் பிடித்த கம்பெனி. இந்தக் கரையில் இருப்பவற்றில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான். அங்கே முன்பதிவு செய்யாமலே போகலாம், வரிசையில் நின்று ஏற வேண்டியதுதான். கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் காலையிலேயே ஜெட்டிக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தாலும், உள்நாட்டு வழியாக இருட்டில் பல மணி நேரம் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும்.